பெட்டிக்கு அடியில் ரப்பர்

அந்த வருஷம் தறி லைனுக்குத் தினமும் நான்கு மணி நேரம் கரண்ட் கிடையாது. மதியம் இரண்டிலிருந்து மாலை ஆறு வரை. வீட்டு லைனில் விளக்கு எரியும். தறி லைன் மட்டும் செத்துக் கிடக்கும். அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்திருந்த எல்லோரும் அந்த நான்கு மணி நேரத்தைத் திட்டினார்கள். நான் அதற்காகக் காத்திருப்பேன். கல்யாணமாகி ஏழு மாதத்தில் என் கணவரை நான் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

மற்ற நேரமெல்லாம் தறி. காலை ஆறிலிருந்து இரண்டு வரை, மாலை ஆறிலிருந்து பத்து வரை. வீட்டின் பின்பக்கம் கொட்டகை. அதில் பத்துத் தறிகள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் தறி நின்றது. ஓடும்போது அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் தாமாக நகர்ந்து விளிம்புக்கு வரும். என் மாமியார் ராமலட்சுமி பேச்சை நிறுத்தாமலே அவற்றை உள்ளே தள்ளிவிடுவார்.

தறிக்காரர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசுவார்கள். கொட்டகைக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அகலமாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். நல்லகண்ணு என்று ஒருவர். மூத்த தறிக்காரர். ஐந்தாம் தறியிலிருந்து பத்தாம் தறிக்கு முழுச் சினிமாக் கதையும் சொல்லுவார். பத்தாம் தறியில் நிற்பவர் சரியான இடத்தில் சிரிப்பார். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை.

என் கணவர் ராஜகுருவும் அப்படித்தான். பதினாறு வயதில் தறிக்கு வந்தவர். அப்போது முப்பத்தொன்று. நான் பேச ஆரம்பித்தால் என் வாயையே பார்ப்பார். புதிதாகக் கல்யாணமானவள் நான். எனக்குக் கூச்சமாகிவிடும். தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தைத் தரையிடம் சொல்லி முடிப்பேன். அவர் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பதில் சொல்லாமல் போய்விடுவார்.

என் குரல் சிறியது. விருதுநகரில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தபோது செய்முறைத் தேர்வுக்கு வந்தவர் என்னை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். அதனால் கணவர் பதில் சொல்லாததற்குக் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"உங்க அப்பா ரெண்டு பொருள் குடுத்தாரு," என்பார் மாமியார். "பொண்ணு ஒண்ணு, பாட்டுப் பெட்டி ஒண்ணு. ரெண்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது."

அப்பா திருச்சுழியில் கணக்கு வாத்தியார். சீராக ஒரு ரிக்கார்டு பிளேயரும், தனியாக மரப்பெட்டியில் அடைத்த பெரிய ஸ்பீக்கரும் கொடுத்திருந்தார். மதுரையில் ஒருவரிடம் சொல்லிச் செய்தது. மாப்பிள்ளைக்குப் பாட்டு என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு வாங்கினார். கூட ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்.

பிளேயரும் ஸ்பீக்கரும் மச்சில் ஒரு நீளமான மர பெஞ்சின் மேல் இருந்தன. மச்சுக்குப் பலகைத் தரை. இரண்டு மணிக்குத் தறி நின்றதும் அவர் குளித்துச் சாப்பிட்டு மேலே வருவார். தரையில் உட்கார்ந்து, பெஞ்சில் முதுகைச் சாய்த்து, பின்தலையை அதன் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான் ரிக்கார்டை வைப்பேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சுருங்கும்.

"கொழகொழன்னு இருக்கு," என்பார். "சத்தம் வருது. என்ன சொல்றாகன்னு ஒரு எழுத்துப் புரியல."

அது பொய் இல்லை. எனக்கும் அப்படித்தான் கேட்டது. மத்தளம் விழும்போதெல்லாம் பெஞ்சு சேர்ந்து அதிர்ந்தது. பெஞ்சு அதிர்ந்ததும் பலகைத் தரை அதிர்ந்தது. ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. ஊசிக்கும் அந்த அதிர்வு போய், அது திரும்ப ஸ்பீக்கருக்கு வந்து, அடியில் ஓர் ஊமை இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. பாடுகிறவரின் குரல் அதற்குள் முங்கிக் கிடந்தது. மதுரைக்காரர் இரண்டு முறை பஸ் ஏறி வந்து வால்வை மாற்றினார், ஊசியை மாற்றினார். பெட்டியில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி வந்தார். காரியாபட்டிக்காரர். பழைய இன்ஜின், மோட்டார் வாங்கி விற்கிறவர். டீசல் இன்ஜின் ஒன்று கைக்கு வந்திருப்பதாகவும், அதை மாட்டிவிட்டால் கரண்ட் இல்லாத நான்கு மணி நேரமும் தறி ஓடும் என்றும் சொன்னார். கூடத்தில் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு பேசினார். தறி வீட்டுக்கு வந்தால் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"வீரசோழன்ல ஒரு பாய் கேட்டாரு மாப்ள. நான்தான் உங்களுக்குன்னு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரேன். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

என் கணவர் மேலே மச்சைப் பார்த்தார். "அந்த நாலு மணி நேரமும் பாட்டாவது ஒழுங்காக் கேட்டா, போதும்டா சாமின்னு உக்காந்திருப்பேன். அதுவும் இல்ல. சும்மா சொவத்தப் பாத்துட்டு இருக்கதுக்குத் தறியாச்சும் ஓடட்டும்."

இன்ஜின் வந்தால் பதினாறு மணி நேரம் தறி ஓடும். எனக்கு இருந்த நான்கு மணி நேரம் போய்விடும். நான் கதவோரம் நின்று, "பெட்டிய நான் சரிபண்ணிப் பாக்குறேன்," என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"ஏலே, ஒம் பொண்டாட்டி என்னமோ சொல்றா," என்று மாமியார் அவர் தோளைத் தட்டினார். "பெட்டியச் சரிபண்றாளாம்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பண்ணு. வெள்ளிக்கிழம வரைக்கும் டைம்."

ஐந்து நாள்.

எனக்கு ரேடியோ ரிப்பேர் தெரியாது. ஆனால் பெட்டியில் குறை இல்லை என்றால் குறை பெட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை ஸ்பீக்கருக்கு அடியில் சாக்கை நான்காக மடித்து வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. எனக்கு மாறியதாகத் தோன்றியது, ஆனால் அது ஆசை. ஆசையைக் கழிக்க ஓர் அளவு வேண்டும். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி பெஞ்சின் மறுகோடியில் வைத்தேன். மத்தளம் விழுந்தபோது தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. சாக்கை எடுத்தாலும் அதே அலைதான்.

செவ்வாய்க்கிழமை சைக்கிள் டியூபைக் கத்தரித்து அடுக்கினேன். அலை கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

அன்று இரவு ட்ரங்குப் பெட்டியிலிருந்து கல்லூரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். வில்லின் மேல் எடையை வைத்தால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும். அந்த ஆட்டத்தைவிட வேகமாக வருகிற அதிர்வு வில்லைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது. பாட்டு முழுவதும் அதைவிட வேகம்தான். எனக்கு வேண்டியது மெத்தென்ற ரப்பரும், அதை அமுக்கும் நல்ல எடையும். ரப்பர் அமுங்கும் அளவைக் கொண்டே ஆட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம். அதற்கு ஓர் அடிக்கோல் போதும்.

புதன்கிழமை இரண்டு மணிக்குத் தறி நின்றதும் கொட்டகைக்குப் போனேன். நல்லகண்ணு தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடிவந்து முட்டுகிற இடத்தில் ரப்பர் வைத்திருப்பார்கள். தேய்ந்தால் கழற்றி மூலையில் எறிவார்கள். அதில் நான்கு வேண்டும் என்றேன்.

அவரும் என் வாயைப் பார்த்தார். "நிமுந்து சொல்லு தாயி. மொகத்தப் பாக்காம நான் எதக் கண்டேன்."

நிமிர்ந்து சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

"ரப்பரா? ஒங்க வீட்டுக்காரர் தலைக்கு அணையா?"

"பாட்டுப் பெட்டிக்கு."

"பெட்டிக்குச் செருப்புத் தைக்கப் போறியாக்கும்," என்று சிரித்தார். ஆனாலும் ஒரே மாதிரி தேய்ந்த நான்கைப் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தார். வாசல்படிக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த கல்பலகையையும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு மேலே தூக்கி வந்து தந்தார். மாமியார் படிக்கட்டின் கீழே நின்று பார்த்தார்.

"பெட்டிக்குக் கல்லறை கட்டுறாளா?" என்றார்.

நான்கு ரப்பர்கள். அவற்றின் மேல் கல். கல்லின் மேல் ஸ்பீக்கர். அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். ரப்பர் நான்கு மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. கணக்குப் போட்டால் விநாடிக்கு எட்டு ஆட்டம் வந்தது. எந்த மத்தளமும் அதற்கு வெகு மேலே. டம்ளரை வைத்துவிட்டு ரிக்கார்டைச் சுழலவிட்டேன்.

தண்ணீர் அசையவில்லை.

நான் முதலில் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பாட்டு காதில் விழுந்தது. இரைச்சல் இல்லை. ஜன்னல் கம்பி பேசவில்லை. பாடுகிற பெண் மூச்சை இழுக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. வயலின் ஓர் இடத்திலும் மத்தளம் வேறோர் இடத்திலும் இருந்தன. மாமியார் பாதிப் படி ஏறி வந்து நின்றார். முதல் முறையாக அவர் கேலி செய்யவில்லை.

"இந்தப் பாட்டுல சலங்கை இருக்கா? நான் கேட்டதே இல்லையே," என்றார்.

அன்று கணவர் நூல் விஷயமாக ராஜபாளையம் போயிருந்தார். அவர் வருவதற்காக வியாழக்கிழமை இரண்டு மணி வரை காத்திருந்தேன். அந்த இருபது மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு இருந்ததில்லை.

வியாழக்கிழமை அவர் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து பெஞ்சில் தலையைச் சாய்த்தார். கல்லையும் ரப்பரையும் பார்த்து, "பலே," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் ஊசியை வைத்தேன்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"போடு," என்றார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி முடிந்திருந்தது.

நான் சுழலும் தட்டைக் கையால் காட்டினேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். ஸ்பீக்கருக்கு நேராகக் குனிந்தார். ஒலியைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பினார். கீழே மாமியார், "யப்பா, கொறைடா," என்று கத்தினார்.

"வருது. ரொம்ப தூரத்துல வருது," என்றார் அவர். "முன்னாடி எழுத்துத்தான் புரியாது. இப்ப உசிரே இல்ல. எல்லாத்தையும் ரப்பர் குடிச்சிருச்சு." அவர் கோபப்படவில்லை. எனக்கு வருத்தமாகிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார். "பரவால்ல. நீ கஷ்டப்பட்டு செஞ்சிருக்க. பெட்டி ராசி அப்படி."

ஊசியை எடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்தார். குலுக்கினார். திரும்பவும் வைத்தார்.

"உங்க அப்பா குடுத்த வாச்சும் இப்படித்தான். ஓடுதா நிக்குதான்னே தெரியல. வாச்சுக் கடைக்காரன் ரெண்டு தடவ தொறந்து பாத்துட்டு நல்லாருக்குங்கிறான். இந்தா, நீ குடுத்துப் பாரு."

வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். முள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளிப் பிடித்தபோதும் டிக் டிக்கென்ற சத்தம் எனக்குத் தெளிவாக வந்தது.

அவர் மறுபடி பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் போய், பெஞ்சைத் தொடாமல் நின்று, "ஏங்க," என்றேன். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு என் வாழ்நாளில் அதுவரை யாரையும் கூப்பிடாத சத்தத்தில். ஜன்னலில் இருந்த காகம் பறந்துபோனது. அவர் கால்விரலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம் அவர் ஏன் என் வாயைப் பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது. நான் தலையைக் குனிந்தபோதெல்லாம் அவருக்கு முன்னால் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறேன்.

சமையலறைக்குப் போனேன். மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"அத்தை, அவுகள மதுரையில ஒரு டாக்டர்ட்ட…"

"யார?"

"அவுக…"

"தறிக்காரன் வீட்டுல எல்லாரும் சத்தமாத்தான் பேசுவோம்," என்றார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை. "நீ சத்தமாப் பேசப் பழகு. அவ்வளவுதான். வாயத் தொறக்காதவளுக்கு ஊருல உள்ளவுக எல்லாம் நோயாளியாத் தெரியும்."

"இல்ல அத்தை, அந்தக் கடியாரம்…"

"இந்தா பாரு." கீரைக்காம்பை என் பக்கம் நீட்டினார். "அவன் பத்துத் தறிக்கு மொதலாளி. ஆளுக மதிக்கணும். நூல்காரன் மதிக்கணும். எம் புள்ளையப் பத்தி ஒரு சொல்லு இந்தச் சொவத்தத் தாண்டிப் போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

நான் கீரையை உருவினேன்.

பௌதிகப் புத்தகத்தில் பெஞ்சுக்குச் சூத்திரம் இருந்தது. இதற்கு இல்லை. நான் படித்தவரை, தேய்ந்துபோன ரப்பரை மாற்றலாம், இதை மாற்ற முடியாது. தறிச் சத்தத்தை விட்டு விலகினால் மிச்சம் இருப்பது மிஞ்சலாம். விலகி எங்கே போவது? அவருக்குத் தெரிந்தது தறி. நாங்கள் சாப்பிட்டது தறி. எங்கள் வீட்டில் மூன்று பேர், கொட்டகையில் பன்னிரண்டு பேர். பகலில் அந்த நான்கு மணி நேரம் மட்டுமே அவர் தலைக்குள் எதுவும் இடிக்காத நேரம். வெள்ளிக்கிழமை அதையும் தனுஷ்கோடி கொண்டுபோய்விடுவார். சொன்னாலும் தறி ஓடும். சொல்லாவிட்டாலும் ஓடும். இதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் ஒரே விடைதான் வந்தது.

ஆனாலும் நான் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்று மனதின் ஓர் ஓரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, தறி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஸ்பீக்கரை இறக்கிக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சுவரோரம் சாய்த்தேன். ரப்பரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஸ்பீக்கரைப் பழையபடி வெறும் பெஞ்சில் வைத்தேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அன்று அவர் மேலே வர ஐந்தரை ஆகிவிட்டது. நான்காம் தறியில் ஏதோ வேலை. உட்கார்ந்தார், சாய்ந்தார். கல் இல்லாததைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஊசியை வைத்தேன்.

ஊமை இரைச்சல் முதலில் வந்தது. பிறகு மத்தளம். தண்ணீரில் வட்டம் எழுந்தது. ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. என் கால்களுக்குக் கீழே பலகை நடுங்கியது.

அவர் முகம் மலர்ந்தது. கல்யாணப் பந்தலில்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இந்தா!" என்றார். "இந்தா வந்துருச்சு பாரு. என்ன செஞ்ச? உசிரு வந்துருச்சு."

நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் எதிர்பார்க்கவில்லை. அதிரும் பெஞ்சில் தலையை அழுத்திக்கொண்டு, வலது கை விரலால் பலகையில் தாளம் போட்டார்.

சொன்னபடி தனுஷ்கோடி வந்துவிட்டார். மாமியார் அவரை மேலே அழைத்து வந்தார். இருவரும் வாசலில், அவருக்கு எதிரே வந்து நின்றார்கள். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வாங்க மாமா. இன்ஜின் வேண்டாம். பாய்க்கே குடுத்துருங்க. இனி அந்த நாலு மணி நேரமும் எனக்குப் பாட்டுத்தான். எம் பொண்டாட்டி சரிபண்ணிட்டா." சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

தனுஷ்கோடி காதைச் சொறிந்தார். "இதுவா சரிபண்ணுனது? லாரிக்குள்ள உக்காந்த மாதிரில்ல இருக்கு," என்றார். என் கணவர் கண்ணைத் திறக்கவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இன்ஜின் வராது. தினம் நான்கு மணி நேரம் அவர் மச்சில் இருப்பார். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். முந்தானையில் முடிந்த ரப்பரை நல்லகண்ணுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. சும்மா இருப்பது எனக்குப் பழக்கம்.

பாட்டு முடிந்தது.

ஊசி தட்டின் நடுவுக்குப் போய், பாட்டில்லாத வளையத்தில் சுற்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடி. டொக். டொக். பெஞ்சு அதை வாங்கிப் பெரிதாக்கியது. டம்ளரில் ஒவ்வோர் இடிக்கும் ஒரு வட்டம். நான் ஊசியை எடுக்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

அவர் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டொக். டொக். இடியும் விரலும் சேர்ந்து விழுந்தன. முகத்தில் அதே சிரிப்பு.

தனுஷ்கோடி ஊசியைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். "என்ன மாப்ள, பாட்டு முடிஞ்சு போச்சே," என்றார், அவருக்கே உரிய தொண்டையில்.

விரல் நிற்கவில்லை.

"கண்ணசந்துட்டான்," என்றார் மாமியார் அவசரமாக. "காலையில இருந்து ஓயாத வேல. தூங்குறான். நீங்க கீழ வாங்கண்ணே, காப்பி போடுறேன்." தனுஷ்கோடியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. எவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும் என்று அப்போது நான் தெரிந்துகொண்டேன்.

தனுஷ்கோடி நகரவில்லை. கீழே கொட்டகையில் ஆட்கள் தறிக்குப் போகும் காலடிகள் கேட்டன. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம். கரண்ட் வந்துவிட்டால் பத்து மணி வரை இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

டொக். டொக்.

அவர் கண்ணைத் திறந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். விரல் இன்னும் பலகையில் இருந்தது.

"இந்த எடம் நல்லாருக்குல்ல?" என்றார்.

அவர் எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

நான் ஊசியை எடுத்தேன். தண்ணீர் அடங்கியது. அவர் புருவம் உயர்ந்தது. அவருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். தலையை நிமிர்த்தினேன். அவர் என் வாயைப் பார்த்தார். இந்த முறை நான் குனியவில்லை.

"பெட்டி நல்லாத்தாங்க இருக்கு," என்றேன். கொட்டகை வரை போகிற சத்தத்தில், உதட்டை அகலமாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "வாச்சும் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் காது கேக்கல."